பெலான் பெலான்

போன மாதம் ஒருநாள் லார்க்கின் பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கிராப் எடுத்தேன். ஓட்டியவன் நம்ம பையன், முப்பது வயதுக்குள் இருக்கும். நான் பெல்ட்டை மாட்டியதும் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்: "ஆன்ட்டி, வேஸ் காட்டுற வழியில போகவா, எனக்குத் தெரிஞ்ச வழியில போகவா? மெதுவா போகணும்னாலும் சொல்லிருங்க."

ஐந்து நட்சத்திரத்துக்காகக் கேட்கிறான் என்று தெரியாமலில்லை. ஆனாலும் அதைக் கேட்டதும் கோடாலித் தைலமும் டீசலும் கலந்த ஒரு வாடை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியது. என் அப்பாவின் தெக்சி வாடை அது. அந்த வண்டிக்குள் யாரும் யாரிடமும் இப்படி வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் குளுவாங்கில் ஏறினால் ஜொகூர் பாருவில் இறங்கும்வரை ஓட்டுகிறவருக்கும் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் நடுவே ஒரு பேரம் நடந்துகொண்டேயிருக்கும்.

அப்பா ஓட்டியது அவுட்ஸ்டேஷன் தெக்சி. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை, பழைய பென்ஸ் டீசல். சாவியைத் திருகியதும் ஓடிவிடுகிற வண்டி இல்லை அது. ஒரு குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முன்பலகையில் இருக்கும் சின்னக் கம்பிச் சுருள் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சில விநாடிகளிலேயே சிலர் பெருமூச்சு விட்டு மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். சிலர் கண்ணை மூடி முருகனையோ அல்லாவையோ முணுமுணுப்பார்கள். அப்பா கம்பிச் சுருளைப் பார்ப்பதுபோல் இருந்துகொண்டு இதையெல்லாம் பார்த்துவிடுவார். வண்டி நகர்வதற்குள் இன்றைக்கு என்ன வகை ஆட்கள் வாய்த்திருக்கிறார்கள் என்று அவருக்குக் கணக்கு முடிந்திருக்கும்.

நாலு பேர் சேர்ந்தால்தான் தெக்சி கிளம்பும். ஸ்டேண்டில் ஒருவர் தொண்டை வறள, "ஜேபி! ஜேபி! சத்து ஒராங் லாகி!" என்று கூவிக்கொண்டே இருப்பார். இன்னும் ஒரே ஒரு ஆள் வந்தால் போதும் என்பது அவர் கூவலின் பொருள். அந்த ஒரே ஒரு ஆளுக்காக அரை மணி நேரம் காத்திருந்த நாளெல்லாம் உண்டு. பொறுமை இழந்த மூவரும் நாலாவது சீட்டுக் காசைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டால் உடனே கிளம்பலாம். மக்கோத்தா முகாமிலிருந்து லீவில் போகும் மலாய் சிப்பாய், கடைக்குச் சரக்கு எடுக்கப் போகும் சீன ஆச்சி, லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி, ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகளைப் பார்க்கப் போகும் பாட்டி. ஒருவரை ஒருவர் அதற்கு முன் பார்த்திராதவர்கள், தோளோடு தோள் உரசி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போவார்கள். சாயங்காலத்துக்குள் எத்தனை நடை போய் வருகிறாரோ அதுதான் அப்பாவின் வருமானம். அதனால் அவரும் அடிப்படையில் அவசரக்காரர்களின் கட்சிதான். இதை மறந்துவிட்டு அவர் பொறுமையைப் புகழ்ந்தால் அது பொய்யாகிவிடும்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த ரோட்டைச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுசாகத் திறந்தது 1994இல். அது வருவதற்கு முன்னால் எல்லாருக்கும் பழைய ரோடுதான். போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. இரண்டு பக்கமும் ரப்பர், அப்புறம் செம்பனை, மறுபடி ரப்பர். முன்னால் மரக்கட்டை ஏற்றிய லோரி ஒன்று அகப்பட்டுவிட்டால் வளைவுக்கு வளைவு அதன் பின்னாலேயே ஊர்ந்து போக வேண்டும். "போத்தோங் பண்ணுங்கண்ணே, போத்தோங் பண்ணுங்க" என்று முந்தச் சொல்லிப் பின்சீட்டு பொறுமை இழக்கும். எதிரே என்ன வருகிறது என்பது வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு மட்டும்தான் கொஞ்சம் தெரியும். பின்சீட்டுக்குத் தெரிவதெல்லாம் கட்டைகளின் வெட்டு முகமும் அவற்றைக் கட்டிய சங்கிலியும்தான். தெரியாத ரோட்டுக்கு எவ்வளவு தைரியமாக உத்தரவு போடுகிறார்கள் என்று அப்பா சிரிப்பார்.

மெர்சிங் நடை கிடைத்தால் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். தியோமான் தீவுக்குப் போகும் படகு கடலேற்றத்தைப் பார்த்துத்தான் கிளம்பும். ஆற்று முகத்தில் தண்ணீர் வற்றிவிட்டால் அடுத்த ஏற்றம் வரை காத்திருக்க வேண்டியதுதான். முதுகில் பெரிய பையோடு வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கைக்கடிகாரத்தைக் காட்டிக் காட்டிக் கெஞ்சுவார்கள், கூடுதல் காசு தருகிறோம் என்பார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், கால் மட்டும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். "படகு போயிட்டா நாளைக்கு ஒரு படகு இருக்கு" என்று அவர்களுக்குப் புரியாத தமிழில் ஆறுதல் சொல்வார்.

பயந்தவர்கள் விஷயத்தில் அவர் வேறு ஆள். பின்சீட்டிலிருந்து ஒரு மலாய்ப் பாட்டி, "பெலான் பெலான் லா, நாக்" என்று மெதுவாகப் போகச் சொன்னால் போதும், மறு பேச்சு இல்லாமல் வேகம் குறையும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிராணி முகம் சுளிப்பார். அப்பா கண்டுகொள்ள மாட்டார். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த காலத்தில் இதையே ஒரு கணக்காகப் போடச் சொன்னார்: நூறு கிலோமீட்டரை மணிக்கு 110இல் போனால் எவ்வளவு நேரம், 90இல் போனால் எவ்வளவு நேரம்? பன்னிரண்டு நிமிஷம்தான் வித்தியாசம் வந்தது. "ஆயர் ஈத்தாமில ஒரு கோப்பி குடிக்கிற நேரம். அதுக்காக ஒரு கிழவியோட நெஞ்சைப் படபடக்க வைக்கணுமா?"

ஆயர் ஈத்தாம் கோப்பி என்றால் அப்போது எல்லாருக்கும் தெரியும். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே ஓடுகிற அத்தனை வண்டியும் அங்கே நிற்கும். மண்பானைக் கடை, பெத்தாய் கொத்து, வேர்க்கடலைப் பொட்டலம், கழிவறைக்கு வரிசை. நெடுஞ்சாலை வந்தபின் அந்தக் கூட்டத்தில் பாதி காணாமல் போயிற்று. மௌனமாக ஏறி வந்த நாலு பேரும் அங்கே கோப்பிக்கு இறங்கித் திரும்பி ஏறும்போது பேச ஆரம்பித்திருப்பார்கள். பேச ஆரம்பித்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்பது அப்பாவின் அனுபவம்.

ஆனால் பயத்துக்கும் அவர் ஓர் எல்லை வைத்திருந்தார். சிம்பாங் ரெங்கம் தாண்டி ஒரு நாள், நானும் வண்டியில் இருந்தேன். செம்பனை எண்ணெய் டாங்கி லோரியைத் தாண்டுவதற்காக வண்டி வலது பக்கம் முழுக்க ஏறிவிட்டது. முன்சீட்டில் இருந்த அம்மாள் "ஐயோ வேணாம், வேணாம்" என்று அலறிக்கொண்டு அப்பாவின் இடது கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அப்பா பிரேக் போடவில்லை. முழங்கையால் அந்தக் கையை மெல்லத் தள்ளி, இன்னும் அழுத்தி மிதித்து, லோரியைத் தாண்டி இடது பக்கம் வந்து சேர்ந்தார். கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தினார். அந்த அம்மாளுக்குத் தண்ணீர் கொடுத்தார். கோபப்படவே இல்லை. "அம்மா, பாதியில திரும்ப முடியாதும்மா. ஏறுறதுக்கு முன்னாடி சொன்னீங்கன்னா நான் ஏறவே மாட்டேன். ஏறினப்புறம் என்னை விட்டுரணும்" என்றார். பிறகு அவரைப் பின்சீட்டுக்கு மாற்றிவிட்டு, பின்னால் இருந்த ஒரு சிப்பாயை முன்னால் வரச் சொன்னார்.

இடம் மாற்றியதில் ஒரு சூட்சுமம் இருந்தது. அந்தப் பழைய பென்ஸில் வேகமானி வட்டமாக இருக்காது. செங்குத்தாக நிற்கும் ஒரு பட்டை. வேகம் கூடக் கூட நிறக் கோடு காய்ச்சல் மானியில் போல மேலே ஏறும். முன்சீட்டில் இருப்பவர் அதைப் பார்த்துக்கொண்டே வந்தால், இல்லாத காய்ச்சலும் வந்துவிடும். பயந்த ஆட்களைப் பின்னால் அனுப்பிவிடுவது இதற்காகத்தான்.

அப்பா அடிக்கடி சொன்ன கதை காஹாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ராத்திரியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த கதை. பின்சீட்டில் ஒரு பக்கம் புருஷன், இன்னொரு பக்கம் மாமியார். புருஷன் "சீக்கிரம் அண்ணே, சீக்கிரம்" என்கிறான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மாமியார் "மெதுவாப்பா, குலுங்குது, மெதுவா" என்கிறார். நடுவில் படுத்திருந்தவள் இரண்டு பேரையும் வாயை மூடச் சொன்னாளாம். அந்த ரோட்டில் இன்றைக்கும் காட்டு யானை குறுக்கே வரும். அன்றைக்கு விளக்கும் கிடையாது, மூடுபனி வேறு.

அப்பா இரண்டு பேருக்கும் வேலை கொடுத்தார். புருஷனை முன்சீட்டுக்கு வரவழைத்து, எதிரே லோரி விளக்கு தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும் என்றார். மாமியாரிடம், "ஆத்தா, நீங்க இடது பக்கக் காட்டைப் பாத்துக்கிட்டே வாங்க. கறுப்பா ஏதாச்சும் அசைஞ்சா சத்தம் போடுங்க" என்றார். ரோட்டையும் காட்டையும் பார்க்கிற வேலை வந்ததும் இரண்டு பேரும் அப்பாவின் காலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் தமக்குச் சரியென்று பட்ட வேகத்தில் ஓட்டிவந்தார். விடிகாலையில் பெண் குழந்தை பிறந்தது. ஆத்தா வழியில் யானையைப் பார்த்தாரா என்று நாங்கள் கேட்போம். ஆரம்பத்தில் ஒரு யானையாக இருந்தது, நான் கல்யாணம் ஆகிப் போகும்போது குட்டியோடு சேர்த்து ஒரு கூட்டமே ஆகியிருந்தது.

அந்நிய ஆட்களிடம் இத்தனை பக்குவமாக இருந்தவருக்கு வாய்த்த மனைவி, ஜொகூரிலேயே பயந்த பயணி. அம்மா வண்டியில் உட்கார்ந்தால் அவர் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். கைப்பையில் புளிப்புக்கு ஆசாம் போய் பொட்டலம், கோடாலித் தைலம், பிளாஸ்டிக் பை மூன்றும் எப்போதும் இருக்கும். ராகு காலத்தில் கிளம்பக் கூடாது. ரோட்டோர முனீஸ்வரன் கோயிலைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். மழையில் பாட்டு கூடாது. "பிரேக் போடுங்க. அவன் வரான் பாருங்க. இப்ப திரும்பாதீங்க. ஹாரன் அடிங்க." அப்பா ஒருநாள் பொறுக்காமல் சொன்னார்: "பயமா இருக்குன்னு சொல்லு, குறைக்கிறேன். பிரேக் போடுன்னு சொல்லாத. என்ன பண்றதுங்கிறதை என்கிட்ட விட்டுரு."

இதைவிட நியாயமான ஏற்பாட்டை நான் இதுவரை கேட்டதில்லை. வேகம் எவ்வளவு என்பதில் பயணிக்குப் பங்கு உண்டு, ஏனென்றால் உயிர் அவருடையதும்தான். இந்த நொடியில் கை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் பங்கு கிடையாது. அம்மா இதை ஒப்புக்கொண்டாரா என்றால், இல்லை. அவர் தரப்பிலும் நியாயம் இருந்தது. ஓட்டுகிறவருக்கு அடுத்து வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று கை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அது நடந்தபிறகுதான் தெரிகிறது. ஓட்டுகிறவருக்குக் குமட்டல் வருவது அபூர்வம் என்பதற்கும் இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். பயம் வராததைத் திறமை என்று ஓட்டுநர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பாதி, அவர்கள் பிடித்திருக்கும் ஸ்டியரிங் தருகிற சௌகரியம்தான் அது.

அது மட்டுமில்லை. சோறு சாப்பிட்டுவிட்டு மத்தியான வெயிலில் திரும்பும்போது அப்பா பேச்சைக் குறைத்துவிடுவார். இமை கொஞ்சம் மெதுவாக மூடித் திறக்கும். தமக்கு ஒன்றுமில்லை என்றுதான் அவர் சொல்வார். அதை முதலில் பார்ப்பது எப்போதும் அம்மா. உடனே பால்கார அண்ணன் கணக்கிலிருந்து பக்கத்து வீட்டுக் கல்யாணம் வரை ஒன்றுவிடாமல் பேச ஆரம்பிப்பார், கேள்வி கேட்பார், பதில் வரும்வரை விடமாட்டார். அப்பாவின் தூக்கத்தை விரட்டியது கோப்பியைவிட அம்மாவின் நச்சரிப்புத்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பயந்தவர்கள் தூங்குவதில்லை. வண்டியில் ஒருவராவது அப்படி இருப்பது நல்லது.

அம்மாவின் கட்சிக்கு அரசாங்கம் ஒவ்வொன்றாக ஆதரவு கொடுத்தது. முன்சீட்டுக்குப் பெல்ட் கட்டாயமானது 1979இல். வேக வரம்பு 1989இல் வந்தது, நெடுஞ்சாலைக்கு 110, கூட்டரசுச் சாலைக்கு 90. பின்சீட்டுப் பெல்ட் 2009இல். ஒவ்வொரு தடவையும் அம்மா பேப்பரை மடித்து அப்பா கண்ணில் படுகிற இடத்தில் வைப்பார். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் கூட்டரசுச் சாலையில் 90ஐ 80 ஆகக் குறைத்தபோது, "எனக்குத் தெரிஞ்சது மந்திரிக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார்.

அப்பாவின் தொழிலைக் குறைத்தது சட்டம் இல்லை. 1985இல் புரோட்டோன் சாகா வந்தது. தோட்டத்தில் மண்டோர் வீட்டில் ஒன்று, கிராணி வீட்டில் ஒன்று, பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒன்று. எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்து நசுக்காத வெள்ளிக்கிழமை இல்லை என்று ஆயிற்று. தெக்சியில் அந்நியர் என்பதால் மெதுவாக, மரியாதையாகச் சொன்ன பயத்தை, சொந்தக் காடியில் ஜனங்கள் கத்திச் சொல்ல ஆரம்பித்தார்கள். இதுவும் ஒரு மாற்றம்தான்.

நான் லைசென்ஸ் எடுத்து, ஜொகூர் பாருவில் வேலையும் குடும்பமுமாக நிலைத்தபின் அப்பாவும் அம்மாவும் என்னோடு வந்துவிட்டார்கள். என் வண்டியில் அப்பா எப்படி இருப்பார் என்று எனக்கு உள்ளூரப் பயம். அவர் பின்சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டி, தூங்கிவிட்டார். எப்போதும் அப்படித்தான். ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

2006 டிசம்பர். கோத்தா திங்கியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பதினாறாம் நாள் காரியம். விடாத மழை. உலு திராம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம். வழியில் ஓரிடத்தில் ரோட்டின் மேல் பழுப்பு நிறத்தில் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் தேங்கி நிற்பது வேறு, ஓடுவது வேறு. ஓடுகிற தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்னக் காடியைத் தூக்கிவிடும். "கணுக்கால்தான் இருக்கும், போயிரலாம். காரியத்துக்குப் போகாம இருந்தா என்ன பேசுவாங்க?" என்று கூட வந்த மாமா அவசரப்பட்டார். அத்தை அழவே ஆரம்பித்துவிட்டார். அம்மாவின் கால் தரையை மிதித்தபடி இருந்தது. எனக்கு அப்பாவின் வாயிலிருந்து ஒரு சொல் வேண்டியிருந்தது. எழுப்பினேன். கண் திறந்து தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஸ்டியரிங் உன் கையிலதானம்மா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நாற்பது வருஷம் இந்த ரோட்டில் ஓட்டிய மனுஷன் கைவிரித்தால் எப்படி! திருப்பினேன். மாமா வீடு வரும்வரை முணுமுணுத்தார். எங்களுக்கு முந்தி கிளம்பிய இன்னொரு சொந்தக்கார வேன் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது என்பதும், அவர்கள் காரியத்தில் கலந்துகொண்டு வடை பாயசத்தோடு சாப்பிட்டார்கள் என்பதும் சாயங்காலம் போனில் தெரிந்தபோது மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர்கள் இரண்டு நாள் திரும்பி வர முடியாமல் அங்கேயே கிடந்தார்கள் என்பதை மாமா கதையில் சேர்ப்பதில்லை. அந்த வெள்ளத்தில் கோத்தா திங்கி பட்டணமே மூழ்கியது. சிகாமட், குளுவாங், பத்து பகாட், மூவார் என்று மாநிலம் முழுக்கத் தண்ணீர். வடிந்து மூச்சு விடுவதற்குள் ஜனவரியில் மறுபடி ஏறியது. லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் துயர்துடைப்பு முகாம்களில் இருந்தார்கள்.

அன்று ராத்திரி கேட்டேன், ஏன்பா ஒன்றும் சொல்லவில்லை என்று. "நான் போன்னு சொல்லி நீ பயந்துகிட்டே போயிருந்தா பாதியில பிரேக் போட்டிருப்ப. போகாதன்னு சொல்லியிருந்தா, அடுத்த மழைக்கும் என்னைத் தேடுவ" என்றார். பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. இன்றைக்கும் இல்லை. வழி தெரிந்தவர் வாயைத் திறந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

அப்பா போனபிறகு அம்மாவின் பயம் பஸ் பக்கம் திரும்பியது. 2016இல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விடியுமுன்னே, ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்குப் போன விரைவுப் பஸ் ஒன்று மூவார், பாகோ பக்கம் நெடுஞ்சாலையிலிருந்து பள்ளத்தில் விழுந்தது. பதினான்கு பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் நான் எங்கே பஸ் ஏறினாலும் அம்மா போனில் கேட்பது ஒன்றுதான்: "டிரைவர் பக்கத்துல யாராச்சும் முழிச்சுக்கிட்டு இருக்காங்களா?" ராத்திரிப் பஸ்ஸில் ஜனங்கள் போர்வையை இழுத்து மூடித் தூங்குகிறார்கள், ஓட்டுநர் தனியாக இருட்டைப் பார்த்துக்கொண்டு போகிறார். அவரிடம் பயத்தைச் சொல்லக்கூட ஆள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பால்கணக்கு பேசவும் ஆள் இல்லை.

இப்போது என் மகன் வாங்கியிருப்பது புரோட்டோன் எக்ஸ் 50. சிங்கப்பூர் வேலைக்கு விடியற்காலையில் மோட்டாரில் பாலம் தாண்டுகிறவன், லீவு நாளில் பாட்டியை இந்தக் காடியில்தான் குளுவாங் கோயிலுக்குக் கூட்டிப்போகிறான். ஒருநாள் நானும் கூடப் போனபோது, நெடுஞ்சாலையில் ஏறியதும் ஒரு பட்டனைத் தட்டிவிட்டுக் காலை எடுத்துவிட்டான். முன்னால் போன லோரி மெதுவானது, எங்கள் காடியும் தானாக மெதுவானது. அம்மா அவன் காலைக் குனிந்து பார்த்தார்.

"இப்ப பிரேக் போட்டது யாருடா?"

"காடியே போட்டுக்கும் பாட்டி."

கூலாய் வரை அம்மா பேசவில்லை. தொண்ணூறை நெருங்குகிற வயதில் முதன்முதலாக யாரிடம் சொல்வது என்று தெரியாத நிலை. கடைசியில் கேட்டார்: "அதுகிட்ட பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

பையன் சிரிக்காமல் ஸ்டியரிங்கில் இருந்த பட்டன் ஒன்றைக் காட்டினான். முன்வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி என்பதற்குத் திரையில் கோடுகள். தட்டத் தட்டக் கோடு கூடியது. "இன்னும் ஒண்ணு" என்றார் அம்மா. "அவ்வளவுதான் பாட்டி, இதுக்கு மேல இல்ல" என்றான்.

அந்த இடைவெளியில் சிம்பாங் ரெங்கம் வருவதற்குள் ஒவ்வொருவனாக வந்து நுழைந்தான். ஒவ்வொரு தடவையும் காடி பணிவாகப் பின்வாங்கியது. மகன் பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைக் குறைக்கக் கை வைத்தான். அம்மா ஆசாம் போய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்: "விடுடா. உங்க தாத்தாகூட இவ்ளோ சொன்னபேச்சு கேட்டதில்ல."